நான்கு தோட்டாக்கள், ஒரு கதவு: பிஸ்டோரியஸ் வழக்கைத் தீர்த்தது எந்தச் சாட்சியம்?

2014 மார்ச் மாதம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா உயர் நீதிமன்ற அறைக்குள் ஒரு கழிப்பறைக் கதவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாதிரி இல்லை, அசல் கதவு. உடைந்து விழுந்த பலகைகளை மறுபடி பொருத்தியிருந்தார்கள். அதில் நான்கு தோட்டாத் துளைகள். பக்கத்திலேயே கிரிக்கெட் மட்டையால் அடித்த தடங்கள். போலீஸ் தடயவியல் அதிகாரி கர்னல் ஃபெர்மியூலன் மட்டையைக் கையில் எடுத்து, அதன் முனை அந்தத் தடத்தில் சரியாக உட்கார எப்படி நிற்க வேண்டும் என்று செய்து காட்டினார். நிமிர்ந்து நின்றால் ஒத்துவரவில்லை. முதுகை வளைத்துப் பார்த்தார். மண்டியிட்டும் பார்த்தார். நீதிபதி பார்த்துக்கொண்டிருந்தார், நேரலையில் பாதி உலகமும் பார்த்துக்கொண்டிருந்தது.

கர்னல் சொல்ல வந்தது இதுதான்: காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ், கதவை உடைத்தபோது செயற்கைக் கால்களை மாட்டியிருக்கவில்லை. பிஸ்டோரியஸ் சொன்னது வேறு. சுட்டபோதுதான் செயற்கைக் கால்கள் இல்லை. உள்ளே இருந்தது தன் காதலி ரீவாவோ என்ற பயம் வந்ததும் ஓடிப்போய்க் கால்களை மாட்டிக்கொண்டு, மட்டையோடு திரும்பி வந்து கதவை உடைத்தேன் என்றார். பிஸ்டோரியஸுக்காக வாதாடிய எதிர்த்தரப்பு வக்கீல் பாரி ரூ விடவில்லை. கால் மாட்டியவனும் அடிக்கும்போது குனியத்தானே செய்வான் என்று கர்னலைக் குடைந்தெடுத்தார்.

இப்படிப்பட்ட வாதங்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட நாள் நடந்தன. அலறியது ஆணா பெண்ணா, மின்விசிறி எங்கே இருந்தது, போர்வை கட்டிலிலா தரையிலா, ரீவா கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று ஜோகன்னஸ்பர்க் டீக்கடையிலிருந்து லண்டன் பத்திரிகை அலுவலகம் வரை எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஆனால் கடைசியில் பிஸ்டோரியஸைக் கொலைக் குற்றவாளி ஆக்கிய சாட்சியம் இவற்றில் எதுவுமே இல்லை. முதல் நாளிலிருந்தே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட, யாரும் சண்டை போடாத ஒரு விஷயம் அது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கதை. பிறவியிலேயே முழங்காலுக்குக் கீழ் ஒரு எலும்பு இல்லாததால் 11 மாதக் குழந்தையாக இருக்கும்போதே இரண்டு கால்களும் அகற்றப்பட்டவர் பிஸ்டோரியஸ். கார்பன் இழைத் தகடுகளை மாட்டிக்கொண்டு ஓடினார். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் தங்கம் தங்கமாகக் குவித்தார். 2008-ல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய், மற்றவர்களோடு சேர்ந்து ஓடும் உரிமையைப் பெற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதி வரை வந்தார். ஆறு மாதம்தான் ஆனது. 2013 பிப்ரவரி 14 அதிகாலை 3 மணி கடந்த நேரம், பிரிட்டோரியாவில் மின்வேலியும் காவலாளிகளும் உள்ள ஒரு குடியிருப்பில், தன் படுக்கையறையை ஒட்டிய குளியலறையில், பூட்டியிருந்த கழிப்பறைக் கதவு வழியாக 9 எம்.எம். கைத்துப்பாக்கியால் நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் ரீவா ஸ்டீன்கேம்ப். வயது 29, சட்டம் படித்தவர், மாடல். இடுப்பு, கை, தலை என்று மூன்று தோட்டாக்கள் பாய்ந்தன.

திருடன் என்று நினைத்துச் சுட்டேன் என்பது பிஸ்டோரியஸின் கதை. சண்டை போட்டு, பயந்து ஓடிக் கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டவரைத் தெரிந்தே சுட்டார் என்பது அரசுத் தரப்பின் கதை. உள்ளே நடந்ததற்கு உயிரோடு இருக்கும் சாட்சி ஒரே ஒருவர். அவரே குற்றம் சாட்டப்பட்டவர். ஆகவே மற்றதெல்லாம் காதால் கேட்ட சத்தங்களையும், தரையில் கிடந்த பொருட்களையும் வைத்துத்தான்.

அந்தச் சத்தங்களைப் பார்ப்போம். இந்த வழக்கிலேயே ஆழமான பகுதி அதுதான். நேரலை பார்த்தவர்கள் அதிகம் குழம்பியதும் அதில்தான்.

சுமார் 177 மீட்டர் தள்ளி வசித்த ஒரு தம்பதி, இரத்தம் உறையும்படி ஒரு பெண் அலறியதைக் கேட்டோம், அதற்குப் பிறகு நான்கு வெடிச்சத்தம் கேட்டது என்றார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால் கதை முடிந்தது. அலறும் பெண்ணைச் சுட்டவன், திருடன் என்று நினைத்தேன் எனச் சொல்ல முடியாது. இன்னும் கிட்டத்தில் வசித்த ஒரு மருத்துவர் சொன்னது கொஞ்சம் வேறு மாதிரி: முதலில் மூன்று சத்தம், பிறகு அலறல், பிறகு மறுபடி சத்தங்கள். இன்னொரு பக்கத்து வீட்டுக்காரப் பெண், 2 மணிக்குச் சற்று முன்னாலிருந்தே ஒரு பெண் வாக்குவாதம் செய்வது போன்ற குரல் கேட்டது என்றார். அதே பெண், வெடிச்சத்தத்துக்குப் பிறகு யாரோ சத்தமாக அழுவதைக் கேட்டு, பெண் அழுகிறாளோ என்று நினைத்தாராம். அழுவது ஆஸ்கர் என்று கணவர்தான் சொன்னாராம். அரசுத் தரப்பு அழைத்து வந்த சாட்சி அவர்! எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல பரிசு கிடைத்திருக்க முடியாது.

ஆக, சத்தம் இரண்டு தொகுதி. ஒன்று துப்பாக்கி, மற்றது மட்டை. எது முதலில்? இங்கேதான் கதவு திரும்ப வருகிறது. பலகையில் மட்டை ஏற்படுத்திய ஒரு விரிசல், தோட்டாத் துளை வழியாகப் போயிருந்தது. துளை முன்பே இருந்திருந்தால்தான் விரிசல் அப்படிப் போகும். சுட்டது முன்னால், மட்டை பின்னால் என்பதைக் கர்னலே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் தொலைபேசிப் பதிவு. நினைவு பொய் சொல்லும். தொலைபேசி நிறுவனத்தின் பதிவு அவ்வளவு சீக்கிரம் சொல்லாது. 177 மீட்டர் தம்பதியில் கணவர் 3:16-க்குக் காவலுக்குப் போன் செய்து ஒரு நிமிடம் பேசியிருக்கிறார். அவர்கள் சொன்ன நான்கு சத்தம் அந்த அழைப்புக்குப் பிறகு வந்தது. அதாவது சுமார் 3:17. பிஸ்டோரியஸோ 3:19-க்கே குடியிருப்பு நிர்வாகியை அழைத்து உதவி கேட்டிருக்கிறார். 3:17-க்குச் சுட்டிருந்தால், கால் மாட்டி, கதவை உடைத்து, உள்ளே போய்ப் பார்த்து, போனை எடுப்பதற்கு இரண்டே நிமிடம்தான். அதனால் நீதிபதி தொகொசீலே மசிபா, துப்பாக்கிச் சத்தம் 3:12-க்கும் 3:14-க்கும் இடையில், மட்டைச் சத்தம் 3:17-க்கு என்று முடிவு செய்தார். பிரேதப் பரிசோதனை செய்த பேராசிரியர் சாய்மனின் சாட்சியப்படி, தலைக்காயத்துக்குப் பிறகு ரீவா குரல் எழுப்பியிருக்கவே முடியாது. அப்படியானால் இரண்டு சத்தங்களுக்கும் இடையில் அலறியது யார்? மிஞ்சுவது ஒருவர்தான்.

கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. தனித்தனி வீடுகளில் படுத்திருந்தவர்கள், ஒரே இரவில், ஒரே குரலைப் பெண் குரல் என்று கேட்டிருக்கிறார்கள். அத்தனை தூரத்திலிருந்து ஆண் பெண் குரலை உறுதியாகப் பிரிக்க முடியாது என்று எதிர்த்தரப்பின் ஒலியியல் நிபுணர் சொன்னார். சாதாரணமாகப் பிரிக்க முடியும்தான் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். பிஸ்டோரியஸ் பதறினால் பெண் குரலில் கத்துவார் என்று எதிர்த்தரப்பு கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது. அதை நீதிமன்றத்தில் பிஸ்டோரியஸ் கத்திக் காட்டவில்லை.

நேரலையின் கெடுதலும் இங்கேதான் தெரிந்தது. ஒளிபரப்புக்கு அனுமதி கொடுத்த நீதிபதி மிலாம்போவின் உத்தரவில், சம்மதிக்காத சாட்சிகளின் முகத்தைக் காட்டக் கூடாது என்று இருந்தது. முதல் நாள் முதல் சாட்சிக்கே ஒரு தொலைக்காட்சி படத்தைப் போட்டுவிட்டது. இது மரியாதைக் கேடு மட்டும் இல்லை. பிறகு வரப்போகும் சாட்சிகள் வீட்டில் உட்கார்ந்து முந்தைய சாட்சி சொன்னதைக் கேட்கலாம் என்பதுதான் பெரிய சிக்கல். அந்தக் கணவனும் மனைவியும் பயன்படுத்திய சொற்கள் ஒத்துப்போவதைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இருவரும் ஒன்றாகவே கூண்டில் ஏறியிருக்கலாமே என்கிற மாதிரி ரூ குத்தினார். நேர்மையான சாட்சிகள்தான், ஆனால் செய்தி கேட்டுக் கேட்டு நினைவு கலங்கியிருக்கலாம் என்று நீதிபதியும் நினைத்தார்.

போலீஸ் செய்த குளறுபடிகளை மட்டும் தனிக் கட்டுரையாக எழுதலாம். ஜாமீன் விசாரணையிலேயே விசாரணை அதிகாரி ஹில்டன் போத்தா, வீட்டில் டெஸ்டோஸ்டிரோன் கிடைத்தது என்றார். பிறகு அது மூலிகை மருந்து என்று ஆனது. சாட்சி வீட்டின் தூரத்தை 600 மீட்டர் என்றவர், கேட்கக் கேட்கப் பாதியாகக் குறைத்தார். காலணிக் கவசம் போடாமல் சம்பவ இடத்தில் நடந்ததையும் ஒப்புக்கொண்டார். அடுத்த நாளே, அவர் மீதே பழைய கொலை முயற்சி வழக்கு உயிர்பெற்றது தெரியவந்து, ஆளை மாற்ற வேண்டியதாயிற்று. போலீஸ் நின்றுகொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்று காணாமல் போனது. ஒருவர் கையுறை இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டார். அந்தக் கதவைப் பிணப்பையில் சுற்றிக் கொண்டுபோய் அதிகாரி ஒருவரின் அறையில் வைத்திருந்தார்கள்.

ஆனால் குளறுபடியைக் காட்டிவிட்டால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. அரசு வக்கீல் கெர்ரி நெல்லின் வாதங்களிலேயே கூர்மையானது இந்த இடத்தில்தான் வந்தது. முதல் படங்களில் மின்விசிறி பால்கனிக்குப் போகும் வழியை மறித்து நிற்கிறது. போர்வை தரையில் கிடக்கிறது. அதன் மேல் இரத்தத் துளி. பிஸ்டோரியஸ் சொன்னபடி நடந்திருந்தால் இவை அந்த இடத்தில் இருக்க முடியாது. போலீஸ்தான் நகர்த்தியிருக்கும் என்றார் பிஸ்டோரியஸ். அப்படியானால், உங்கள் கதை என்னவென்றே அப்போது தெரியாத போலீஸ்காரர்கள், அந்தக் கதைக்கு நேர் எதிராக அமையும்படி ஒவ்வொரு பொருளையும் எப்படி நகர்த்தினார்கள்? இதற்கு நல்ல பதில் வரவில்லை.

வயிற்றில் இருந்த உணவை வைத்து, இறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன் ரீவா சாப்பிட்டிருக்கிறார் என்றார் சாய்மன். பிஸ்டோரியஸ் கணக்கில் இருவரும் அப்போது தூக்கத்தில். செரிமானத்தை வைத்து நேரம் சொல்வது உறுதியான கணக்கில்லை என்று மசிபா ஒதுக்கினார். வாட்ஸ்அப் செய்திகளில் சில நேரம் உன்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று ரீவா எழுதியிருந்தார். 1,700-க்கும் மேற்பட்ட செய்திகளில் பெரும்பாலானவை அன்பு மொழிகள். மனித உறவு மாறிக்கொண்டே இருப்பது என்று அதையும் மசிபா எடை போடாமல் விட்டார். எதிர்த்தரப்பு நிபுணர் ரோஜர் டிக்சன், ஒலி, ஒளி, துப்பாக்கி என்று எல்லாத் துறையிலும் கருத்துச் சொல்லி நெல்லிடம் மாட்டிக்கொண்டதைத் தனியே சொல்ல வேண்டும். அறை எவ்வளவு இருட்டு என்று எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்ற கேள்விக்கு, என் கண்களால் என்றார் மனிதர்.

எல்லாவற்றையும் விட பிஸ்டோரியஸுக்குக் கெடுதல் செய்தது பிஸ்டோரியஸ்தான். கூண்டில் ஏறியதும் ஒரு முறை உயிருக்குப் பயந்து சுட்டேன் என்றார்; இன்னொரு முறை, யோசிப்பதற்குள் வெடித்துவிட்டது, சுட வேண்டும் என்ற எண்ணமே இல்லை என்றார். முன்னது தற்காப்பு, பின்னது விபத்து. இரண்டும் ஒரே சட்டையில் நுழையாது. ரீவா இறப்பதற்கு ஒரு மாதம் முன் ஓர் உணவகத்தில் அவர் கையில் இருந்த துப்பாக்கி வெடித்தது பற்றிக் கேட்டபோது, விசையில் விரலே வைக்கவில்லை என்று சாதித்தார். விசையை அழுத்தாமல் அந்தத் துப்பாக்கி வெடிக்காது என்று நிபுணர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவரை மிக மோசமான சாட்சி என்று மசிபாவே தீர்ப்பில் எழுதினார். கூடவே, பொய் சொன்னதாலேயே ஒருவன் கொலைகாரன் ஆகிவிட மாட்டான் என்பதையும் எழுதினார்.

தென்னாப்பிரிக்காவில் ஜூரி முறை 1969-லேயே போய்விட்டது. தீர்ப்புச் சொல்வது நீதிபதியும், அவருக்குத் துணையாக உட்காரும் இரண்டு மதிப்பீட்டாளர்களும். 1939-ல் ப்ளோம் வழக்கில் வகுத்த விதி இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது: சூழ்நிலைச் சாட்சியத்திலிருந்து எடுக்கும் முடிவு, நிரூபணமான எல்லா உண்மைகளோடும் பொருந்த வேண்டும், வேறு நியாயமான முடிவுக்கு இடம் வைக்கக் கூடாது. அலறலுக்கும் விசிறிக்கும் போர்வைக்கும் வேறு விளக்கம் இருக்கலாம் என்று தோன்றியதும், தெரிந்தே ரீவாவைச் சுட்டார் என்ற குற்றச்சாட்டு விழுந்தது. இது வரைக்கும் நான் மசிபா பக்கம். ஊர் நம்புகிறது என்பதற்காக நீதிபதி நம்ப வேண்டியதில்லை.

2014 செப்டம்பர் 12 அன்று அவர் கொடுத்த தீர்ப்பு: கொலை இல்லை, 'கல்பபிள் ஹோமிசைட்'. இந்தச் சொல் நம்மவர்களை ஏமாற்றும். இந்தியச் சட்டத்தில் அதே சொல்லுக்குள் எண்ணமோ அறிவோ இருந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அது அலட்சியத்தால் நேர்ந்த சாவு மட்டுமே. பெயர் ஒன்று, பொருள் வேறு. அக்டோபரில் ஐந்து ஆண்டுத் தண்டனை அறிவிக்கப்பட்டது.

சட்டம் படித்தவர்கள் தலையில் கைவைத்தது இங்கேதான். அந்த நாட்டுச் சட்டத்தில் கொலைக்குத் தேவையான எண்ணம் இரண்டு வகை. கொல்ல வேண்டும் என்றே கொல்வது ஒன்று. இன்னொன்றுக்கு லத்தீன் பெயர், டோலஸ் இவென்ச்சுவாலிஸ்: இதைச் செய்தால் ஓர் உயிர் போகலாம் என்று தெரிகிறது, போனால் போகட்டும் என்று செய்கிறான். இதுவும் கொலைதான். ரீவா படுக்கையில் இருப்பதாக அவர் நினைத்தார், ஆகவே ரீவாவின் சாவை எதிர்பார்த்திருக்க முடியாது என்று மசிபாவின் தீர்ப்பு போனது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கதவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துதானே சுட்டார்? அந்த யாரோ செத்துப்போவார் என்று தெரியாதா?

மேல்முறையீட்டில் அரசுக்கு ஒரு கைக்கட்டு உண்டு. தென்னாப்பிரிக்காவில் விடுதலைக்கு எதிராக அரசு மேலே போனால் சட்டக் கேள்வியை மட்டும்தான் எழுப்பலாம். இன்ன சாட்சியை நம்பியிருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. அதனால் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அலறலுக்கு இடமே இல்லை. திருடன் என்று நம்பினார் என்ற அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டுதான் ஐந்து நீதிபதிகளும் உட்கார்ந்தார்கள். 2015 டிசம்பர் 3 அன்று நீதிபதி எரிக் லீச் எழுதிய தீர்ப்பு, ஒருமனதாக, கொலை என்றது.

எந்தச் சாட்சியத்தால்? துப்பாக்கி நிபுணர் மங்கேனா அந்தக் கழிப்பறையைப் பற்றிச் சொன்னதால். அது அவ்வளவு சின்ன இடம். உள்ளே இருப்பவர் ஒதுங்கிக்கொள்ள மூலை கிடையாது. கதவு வழியாக வரும் தோட்டா கிட்டத்தட்ட நிச்சயமாக ஆள் மேல் பாயும். போட்டிருந்த குண்டோ, உடம்புக்குள் போனதும் பூப்போல விரிந்து சதையைக் கிழிக்கும் வகை. ஒன்று இல்லை, நான்கு. எச்சரிக்கைச் சுடலும் இல்லை. பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, உரிமம் வாங்கியவர் சுட்டது. இவ்வளவையும் கீழ்நீதிமன்றம் கணக்கில் எடுக்காமல் விட்டதே சட்டப் பிழை என்றார் லீச். கதவுக்குப் பின்னால் இருந்தவரின் பெயர் தெரியாது என்பது ஒரு பொருட்டே இல்லை. கூட்டத்துக்குள் வெடிகுண்டு வைப்பவனுக்கும் சாகப் போகிறவர்களின் பெயர் தெரியாது.

மேல்முறையீட்டில் வென்ற வாதத்துக்குக் கதவு, குண்டு, அறையின் அளவு போதும். மட்டை வேண்டாம், அலறல் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம். நாற்பது நாள் உலகம் அடித்துக்கொண்ட சாட்சியங்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

தென்னாப்பிரிக்கர்களுக்கு இதில் இன்னொரு கசப்பும் இருந்தது. வசதியான குடியிருப்பின் வெள்ளைக்கார வீட்டில், நள்ளிரவில், நுழைந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட அந்தத் திருடன் என்ன நிறத்தில் இருந்திருப்பான் என்பது அங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுட்டது ரீவாவை இல்லை, திருடனைத்தான் என்று வாதாடியபோது, திருடனாக இருந்திருந்தால் பரவாயில்லை என்ற எண்ணமும் கூடவே வந்தது. முதல் தீர்ப்பு வந்தபோதே அங்கே பலர் இதை எழுதினார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பு நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. யாராக இருந்தாலும் உயிர்தான் என்ற கணக்கில் அது நின்றது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016 ஜூனில் தண்டனை விசாரணையின்போது பிஸ்டோரியஸ் செயற்கைக் கால்களைக் கழற்றிவிட்டு, நீதிமன்ற அறையில் தள்ளாடி நடந்து காட்டினார். ரீவாவின் தந்தை பாரி ஸ்டீன்கேம்ப், மகளின் காயங்களின் படங்களை உலகம் பார்க்கட்டும் என்றார், நீதிபதி அனுமதித்தார். ஜூலையில் மசிபா ஆறு ஆண்டு கொடுத்தார். கொலைக்குக் குறைந்தபட்சம் 15 ஆண்டு என்றிருக்கும் நாட்டில் இது அதிர்ச்சி தரும் சலுகை என்று 2017 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஏற்கெனவே அனுபவித்ததைக் கழித்து 13 ஆண்டு 5 மாதம். 2024 ஜனவரி 5 அன்று பரோலில் வெளியே வந்தார்.

அதற்கு முந்தைய நவம்பரில் பரோல் குழுவுக்கு ரீவாவின் தாய் ஜூன் ஸ்டீன்கேம்ப் ஓர் அறிக்கை அனுப்பினார். கணவர் பாரி அப்போது இறந்து இரண்டு மாதம். பரோலை அவர் எதிர்க்கவில்லை. ஆனால் பிஸ்டோரியஸின் கதையைத் தான் நம்பவில்லை என்று எழுதியிருந்தார். தன் மகள் உயிருக்காக அலறினாள், அக்கம்பக்கத்தார் கேட்கும்படி அலறினாள் என்று அதில் இருந்தது.